வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு யூரின் டெஸ்ட்: உங்கள் அனுபவம் என்ன?

செல்லூர், முதுகுவலிக்காரர்

தறியில் உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். டிஸ்க் ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை. சில வருடங்களாக டேபென்டடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். போதை மாத்திரை என்று பிடிபடும் செய்திகளில் இந்தப் பெயர்தான் அடிக்கடி வருகிறது. அதனால் சீட்டை நீட்டினாலே மெடிக்கலில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அது பழகிவிட்டது.

புதிதாக வந்தது யூரின் டெஸ்ட். நான் போகும் வலி கிளினிக்கில், ஓபியாய்டு வகை (அபின் மாதிரி வேலை செய்யும்) வலி மாத்திரை தொடர்ந்து வாங்குகிறவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒரே மருத்துவரிடம்தான் வாங்குவேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன், கேட்கும்போது யூரின் கொடுப்பேன் என்று அதில் இருந்தது. நியாயமாகத்தான் பட்டது, போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கே டெஸ்ட் எடுத்தார்கள். மருந்துகளைக் காட்டும் ஸ்ட்ரிப்கள் உள்ள ஒரு கப்பில் யூரின் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாத்ரூம் வாசலில் ஒரு பையன் காவலுக்கு நின்றான். ரிசல்ட் வந்ததும் சின்ன டாக்டர் கூப்பிட்டார். "ஓபியேட் நெகட்டிவ்னு வருது. மாத்திரையை நீங்கதான் சாப்பிடுறீங்களா, இல்ல வேற எங்கயாவது போகுதா?" என்று என் வீட்டுக்காரம்மாவை வைத்துக்கொண்டே கேட்டார். விற்கிறாயா என்பதுதான் கேள்வி. பெரிய டாக்டர் வரும்வரை மாத்திரை எழுத முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

பல வருடம் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லை. வலி அதற்கு மேலே தனி. பெரிய டாக்டர் வந்து ஃபைலைப் பார்த்தார். "இந்தக் கப்பில் டேபென்டடால் தெரியவே தெரியாது. நெகட்டிவ்தான் வரணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்ன டாக்டரிடமிருந்து ஒரு ஸாரி கூட இல்லை.

டெஸ்ட் தப்பென்று சொல்ல வரவில்லை. எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தவர்கள் கையில் அது இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

உசிலம்பட்டி, லேப் டெக்னீசியன்

அண்ணே, உங்களுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது. இந்தக் கப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஓபியேட் ஸ்ட்ரிப் தேடுவது மார்ஃபினையும் அதற்கு நெருங்கிய உருவம் கொண்டவற்றையும்தான். அபின், ஹெராயின், கோடீன் எல்லாம் அதில் மாட்டும். டிரமடோல், டேபென்டடால், ஃபென்டனில், மெத்தடோன் எல்லாம் முழுக்க ஆய்வகத்தில் செய்யப்பட்டவை, உருவமே வேறு. ஸ்ட்ரிப்புக்கு அவை கண்ணில் படாது. டிரமடோலுக்குத் தனி ஸ்ட்ரிப் உண்டு, கிளினிக் வாங்கிய கப்பில் அது இருந்தால்தான் பயன். ஆக்ஸிகோடோன் சாதாரண ஓபியேட் ஸ்ட்ரிப்பில் சில நேரம் வரும், சில நேரம் வராது.

இன்னொரு குழப்பம் கோடுகளில். கர்ப்ப டெஸ்ட் கார்டில் ரெண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். இதில் தலைகீழ்: டெஸ்ட் இடத்தில் கோடு வந்தால் நெகட்டிவ், மங்கலாக வந்தாலும் நெகட்டிவ், அந்த இடத்தில் கோடே வராவிட்டால்தான் பாசிட்டிவ். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மாற்றி எழுதிவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அளவும் முக்கியம். மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமைத் தாண்டினால் பாசிட்டிவ் காட்டும் கப் உண்டு, 2000-ஐத் தாண்டினால்தான் காட்டும் கப்பும் உண்டு. ஒரே யூரின் ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்று வரலாம். லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இவையும் சில கப்களை ஏமாற்றி ஓபியேட் பாசிட்டிவ் காட்டவைக்கும். அதனால் யூரின் கொடுப்பதற்கு முன்பே, சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், இருமல் மருந்து உட்பட, எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்றுதான் நினைப்பார்கள்.

கப் ரிசல்ட் முதல் கட்டம் மட்டுமே. சந்தேகம் வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதி செய்யும் டெஸ்ட் இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். செலவு கூடுதல், சாம்பிளை வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், நாளாகும். ஆனால் ஒருவரின் மருந்தை நிறுத்தும் முடிவை அது இல்லாமல் எடுக்கக் கூடாது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நம் ஊர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். யூரினில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு) டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 'நீர்த்துப்போனது' என்று ரிப்போர்ட் போகும். வேண்டுமென்றே தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்படுவார்கள். கிட்னிக் கல்லுக்காகத் தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்லியிருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள். காலை முதல் யூரினாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

திருமங்கலம், மூட்டுவாதக்காரர்

இதைப் படித்தபிறகுதான் என் கதை எனக்கே புரிகிறது. டிரமடோல் மட்டும் சாப்பிடுகிறேன். எனக்கு மார்ஃபின் பாசிட்டிவ் வந்தது! மார்ஃபினை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

முந்தின நாள் அண்ணன் பேத்திக்கு மொட்டை, காதுகுத்து. மதியம் கறிச்சோறும் கோலா உருண்டையும், ராத்திரி பரோட்டாவும் சால்னாவும். எல்லாவற்றிலும் கசகசா. எங்கள் வீட்டு ஆட்கள் கசகசாவை அளந்தா போடுகிறார்கள்? கசகசா அபின் செடியின் விதை. காயின் பால் விதைமேல் ஒட்டியிருப்பதால் கொஞ்சம் மார்ஃபினும் கோடீனும் அதில் இருக்கும். போதை ஏறுகிற அளவில்லை, ஆனால் 300 கப்பில் மாட்டுகிற அளவுக்கு வரலாம். கழுவி, வறுத்து, வேகவைத்தால் குறையும், ஒவ்வொரு லாட்டிலும் அளவு வேறுபடும்.

நல்லவேளை, எங்கள் டாக்டரம்மா மதுரைக்காரர். "நேத்து என்ன விசேஷம்?" என்று அவரே கேட்டார். அடுத்த வாரம் கசகசா இல்லாமல் வந்து திரும்பக் கொடுத்தேன், நெகட்டிவ். இந்தக் கசகசா வழக்கால்தான் அமெரிக்காவில் வேலைக்கான அரசு டெஸ்டுகளில் 1998-இல் அளவை 300-லிருந்து 2000-க்கு உயர்த்தினார்களாம், அதையும் அவர்தான் சொன்னார்.

சிம்மக்கல், மெடிக்கல் வைத்திருப்பவர்

எல்லோரும் நோயாளி பக்கமே பேசுகிறீர்கள், கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். இருபது வயசுப் பையன்கள் வந்து 'பாட்டிக்கு வலிண்ணே' என்று டேபென்டடால் கேட்கிறார்கள். பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள், செத்தும் போகிறார்கள். சீட்டு ஒரிஜினலா என்று எனக்கு எப்படித் தெரியும்?

டிரமடோல் 2014 மார்ச்சிலிருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்-1 பட்டியலில் இருக்கிறது. எழுதிய டாக்டர், வாங்கியவர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-இல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. கணக்கு இடித்தால் லைசென்ஸ் போகும். ஆகவே கிளினிக்கில் டெஸ்ட் எடுத்து, நம்பிச் சீட்டு எழுதினால் எனக்கு நிம்மதிதான். நான் முறைத்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலூர், மருமகள்

எங்கள் அத்தைக்குக் கேன்சர், எலும்புவரை பரவிவிட்டது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. யூரின் டெஸ்ட் என்று யாரும் கேட்டதே இல்லை. ஆனால் மாத்திரை கணக்கு உண்டு. அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனையில்தான் கிடைக்கும், பெயர், விலாசம், எத்தனை மாத்திரை எல்லாம் நோட்டில் ஏறும், போனமுறை வாங்கிய அட்டையை எடுத்துவரச் சொல்வார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, பல லைசென்ஸ் வேண்டும் என்று பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினே வைத்திருக்க மாட்டார்களாம். 2014-இல் சட்டம் திருத்தி நாடு முழுக்க ஒரே விதி கொண்டுவந்த பிறகு கொஞ்சம் இலகுவாயிற்று என்று நர்ஸக்கா சொன்னார். அந்த விதியிலும் நோயாளி யூரின் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அது அந்தந்த டாக்டர் வைத்துக்கொள்ளும் நடைமுறை.

அத்தைக்கு மாத்திரையைவிடப் பெரிய தொல்லை மலச்சிக்கல். மார்ஃபின் எழுதும்போதே அதற்கும் மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பு கே.கே. நகர், இப்போது டெக்சாஸ்

இங்கே இந்த டெஸ்ட் சர்வசாதாரணம். விபத்துக்குப் பிறகு கழுத்துவலிக்கு ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரை சாப்பிட்டேன். 2016-இல் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வெளியிட்ட வழிகாட்டியில், தொடங்கும் முன்பும் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது பரிந்துரைதான். ஆனால் பல இடங்களில் சட்டம் மாதிரியே நடந்தார்கள். டெஸ்டில் ஏதாவது பிசகினால் நோயாளியையே விலக்கிவிட்ட கிளினிக்குகள் உண்டு.

எனக்கு ரிப்போர்ட்டில் ஹைட்ரோமார்ஃபோன் என்று ஒரு பெயர் வந்தது. எழுதிக் கொடுக்காத மருந்தாயிற்றே என்று நர்ஸ் முகம் மாறிவிட்டது. விஷயம் என்னவென்றால், ஹைட்ரோகோடோனை உடம்பே கொஞ்சம் அப்படி மாற்றும். கோடீன் மார்ஃபினாக மாறுவதும் இப்படித்தான். லேப் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அது போட்டிருந்தது, நான்தான் காட்டினேன். காட்டும்போது என் குரல் நடுங்கியது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் உணர்ச்சியை எப்படிச் சொல்வது?

2022-இல் வழிகாட்டியைத் திருத்தினார்கள். நன்மை தீமை பார்த்து டெஸ்ட் எடுங்கள், தண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள், ரிசல்ட்டை மட்டும் வைத்து நோயாளியைக் கைவிடாதீர்கள் என்று அதில் இருக்கிறது. நம் ஊர் கிளினிக்குகள் இங்கிருந்து படிவத்தை எடுத்துக்கொள்ளும்போது இந்தப் பகுதியையும் எடுத்துக்கொண்டால் நல்லது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகத் தடை, எமிரேட்ஸுக்கும் அப்படியே. டிரமடோல், கோடீன் மாதிரி மருந்தென்றால் சீட்டு மட்டும் போதாது. புறப்படும் முன்பே அந்த நாட்டு சுகாதாரத் துறை அனுமதி வாங்க வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். அம்மா மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் பிரித்துப் பாருங்கள்.

செல்லூர், முதுகுவலிக்காரர்

எல்லோருக்கும் நன்றி. உசிலம்பட்டித் தம்பி சொன்னதை ஒரு பேப்பரில் எழுதி இந்தமுறை எடுத்துப் போனேன். அதே சின்ன டாக்டர்தான் இருந்தார். எந்தக் கம்பெனிக் கப், அதில் என்னென்ன ஸ்ட்ரிப் இருக்கிறது என்று கேட்டேன். முதலில் எரிச்சல்பட்டார், அப்புறம் டப்பாவை எடுத்துவரச் சொல்லி அவரே படித்தார். டேபென்டடால் அதில் இல்லை. "ஓபியேட் ஸ்ட்ரிப்பில் நெகட்டிவ் வருவதே இவருக்குச் சரி" என்று என் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சிம்மக்கல் அண்ணே, அதன் ஜெராக்ஸை உங்கள் கடைக்கும் கொண்டுவரட்டுமா?