கருப்பொருளா, திணையா? விடுதி அறைகளின் 'தீமிங்' என்பதற்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

விடுதி அறையையோ பூங்காவையோ வேறோர் ஊராகவோ கதையாகவோ தோன்ற அமைப்பதை ஆங்கிலத்தில் 'தீமிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற கிழமை நான் கேட்டதற்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இடையில் இணைந்துகொண்டவர்களுக்காகச் சூழலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலுள்ள ஒரு பயண முகவர் நிலையத்துக்காகப் புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரத்துப் பூங்கா விடுதிகளைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கனடாவிலுள்ள உறவினரிடம் போகிறவர்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கும் போய்வருவதால் அந்தக் கையேட்டுக்குத் தேவை இருக்கிறது. முதல் வரைவில் 'கருப்பொருள் அறை' என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாசித்த அம்மா ஒருவர், "இது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எண்டு ஒதுக்கின அறையோ, தம்பி?" என்று கேட்டார். அன்றைக்கே அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன்.

வந்த பரிந்துரைகளுள் விரிவான மறுமொழிக்குரியவை மூன்று.

> 'தொனிப்பொருள்' என்று நம் நாட்டில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்க, புதிதாக ஒன்று எதற்கு?

எழுதியவர் கண்டியிலுள்ள ஆசிரியை. அவர் சொல்வது உண்மையே. சிறுவர் தினமானாலும் டெங்கு ஒழிப்பு வாரமானாலும் ஏதோவொரு 'தொனிப்பொருளில்' நடைபெறுவதை நாளிதழ்களில் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் தொனிப்பொருள் என்பது பதாகையில் எழுதி மண்டபத்தின் முன்னே கட்டப்படுவது. அதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும். நான் தேடும் சொல், யாரும் எதையும் சொல்லாமலே கதவைத் திறந்ததும் வேறோர் ஊருக்கு வந்துவிட்டதாக உணரவைக்கும் அமைப்பைக் குறிக்க வேண்டும்.

> 'ஒப்பனை' போதுமே. அறைக்கு ஒப்பனை செய்கிறார்கள், பிறகு கலைக்கிறார்கள்.

அழகான சொல்தான். ஆனால் அறையை மினுக்குவதெல்லாம் ஒப்பனை என்றாகிவிட்டால், 'உள்ளக அலங்காரம்' என்று நாம் ஏற்கெனவே சொல்லிவருவதற்கும் இதற்கும் வேறுபாடு இராது. கல்யாண மண்டபத்துக்கும் உள்ளக அலங்காரம் உண்டு. அதை யாரும் வேறொரு நாடாக எண்ணிக்கொள்வதில்லை.

மூன்றாவது, பலரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் 'கருப்பொருள்'. அந்த அம்மாவின் கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், இச்சொல்லை முழுமைக்குப் பெயராக வைப்பது தொல்காப்பியத்தின்படி தவறு என்பது என் கருத்து. அங்கே கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்தில் காணப்படும் பொருள்களின் தொகுதி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றுக்குரிய உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். மூன்றும் கூடி நிற்பதே திணை. ஆகவே ஆங்கிலத்தில் 'தீம்' என்று இவ்விடத்தில் சொல்லப்படுவதற்கு நேரானது திணைதான். கருப்பொருள் அதன் ஓர் உறுப்பு மட்டுமே.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் அன்று என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1988இல் திறந்த கரீபியன் பீச் விடுதியின் ஒரு பகுதியில், 2009ஆம் ஆண்டளவில் கடற்கொள்ளையர் அறைகளை அமைத்தார்கள். அவற்றில் கட்டில் ஒரு சிறு கப்பல். தரைவிரிப்பு கப்பல் தளத்தின் பலகைகளைப் போல அச்சிடப்பட்டிருந்தது. உடுப்பு வைக்கும் அலுமாரியைச் சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலச் செய்திருந்தார்கள். இந்தக் கட்டிலும் விரிப்பும் அலுமாரியும் தனித்தனியே கருப்பொருள்கள். தீவுகளின் பெயரைக் கொண்ட கட்டடங்களும் அவற்றின் நடுவே உள்ள ஏரியும் மணற்கரையும் முதற்பொருள். இரவில் விளக்கை அணைத்ததும் பிள்ளைக்குத் தான் கடலில் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறதே, அது உரிப்பொருள். பின்னாளில் அந்தக் கப்பல் கட்டில்களை அகற்றிக் கடற்கன்னிக் கதையின் படங்களை மாட்டியபோது கருப்பொருள்கள் மட்டுமே மாறின. கடல் அப்படியே இருந்தது. 'கருப்பொருள் போயிற்று' என்றும் 'திணை போயிற்று' என்றும் வேறுபடுத்திச் சொல்ல நமக்கு வழியிருந்தால்தான் இந்த நிலைமையைத் தமிழில் எழுத முடியும்.

இன்னுமோர் ஒற்றுமையும் கண்ணில் பட்டது. 1955இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டபோது அதில் ஐந்து பகுதிகள் இருந்தன. பழைய அமெரிக்கக் கடைத்தெருவாக அமைந்த நுழைவுப் பகுதியைத் தவிர்த்தால், மற்ற நான்கின் பெயர்களும் 'லாண்ட்' என்றே முடிகின்றன: அட்வென்சர்லாண்ட், ஃபிரண்டியர்லாண்ட், ஃபான்டஸிலாண்ட், டுமாரோலாண்ட். ஐந்து நிலம், ஒவ்வொன்றுக்கும் தனித்த மரம், உணவு, இசை, தொழில். இதை நாம் 'கேளிக்கைப் பூங்கா' என்று எழுதி, இராட்டினம் மட்டும் உள்ள பொருட்காட்சித் திடலோடு சேர்த்துவிடுகிறோம். 'திணைப் பூங்கா' என்று எழுதினால் அந்த வேறுபாடு உடனே விளங்கும். இதைக் கையேட்டில் துணிந்து பயன்படுத்தப் போகிறேன்.

இனி, அமைக்கும் செயலுக்கு வேண்டிய சொல். 'திணையாக்கம்' என்று முன்மொழிகிறேன். 'ஆக்கம்' இங்கே வெறும் விகுதி அன்று. பெந்தோட்டையில், 1960களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்தில், எனா டி சில்வா மெழுகும் சாயமும் கொண்டு செய்த பத்திக் துணிகளாலான விதானம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வண்ணச் சதுரங்கள் தலைக்குமேல் வானமாக விரிகின்றன. ஆயினும் அதைத் திணையாக்கம் என்று சொல்ல மாட்டேன். வெளியே உண்மையான கடல் இருக்கிறது, பத்திக் இந்த நாட்டில் செய்யப்பட்டது, அந்த விதானம் வேறெந்த ஊராகவும் நடிக்கவில்லை. இதற்கு மாறாக, 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட டிஸ்னியின் பொலினீசியன் விடுதி புளோரிடாவின் சதுப்புநிலத்தில் பசிபிக் தீவொன்றாக நிற்கிறது. அதன் முன்னே உள்ள ஏழுகடல் ஏரியே மனிதர் வெட்டியது. நிலத்தையும் சேர்த்து ஆக்கியிருக்கிறார்கள். அதனால்தான் திணை என்று மட்டும் சொல்லாமல் திணையாக்கம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஏரியின் கரையில், பொலினீசியத் தீவுக்கு அயலில், பழைய விக்டோரியக் காலத்துக் கடற்கரை மாளிகையாக 1988இல் கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதி எழுந்தது. இன்னொரு பக்கத்தில், 1971இலேயே எதிர்காலத்தைக் காட்டவென்று கட்டப்பட்ட கன்டெம்பரரி விடுதியின் கோபுரம் தெரிகிறது. திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்ற தொல்காப்பியர் அந்தக் கரையில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நம் விவாதத்தின் கடினமான பகுதி, இருந்த திணையாக்கம் போய்விடும் இழப்புக்கான சொல்தான். 'லொஸ்ட் தீமிங்' என்று பயணிகள் குறைப்படும்போது, ஒன்றுக்கொன்று வேறான இரு நிகழ்வுகளை ஒரே பெயரால் சொல்கிறார்கள் என்பது எனக்கு மொழிபெயர்க்கும்போதுதான் உறைத்தது.

முதலாவது, அறையை வெளுத்துவிடுவது. டிஸ்னியின் பொப் சென்சுரி விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பரில் திறக்கப்பட்ட அதன் வெளிப்புறத்தில் 1950கள் முதல் 1990கள் வரையிலான பத்தாண்டுகளுக்குரிய விளையாட்டுப் பொருள்கள் கட்டட உயரத்துக்கு நிற்கின்றன. யோ-யோவும் ரூபிக் கனசதுரமும் மாடிப்படிகளை மறைத்துக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்தாலே சிரிப்பு வரும். 2017 அளவில் தொடங்கிய புதுப்பிப்புக்குப் பின், அதே கட்டடங்களின் அறைக்குள் நுழைந்தால் வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, மரம்போன்ற கடினத் தரை, பகலில் மேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் மடிப்புக் கட்டில். எந்தப் பத்தாண்டில் இருக்கிறோம் என்பதை அறை சொல்வதில்லை.

இதை வெறும் கஞ்சத்தனம் என்று எழுதிவிடக் கூடாது. முன்பு பூப்போட்ட கனத்த மேல்விரிப்பைப் பல விடுதிகள் ஒவ்வொரு விருந்தினருக்கும் துவைத்ததில்லை. 1999இல் வெஸ்டின் விடுதிகள் முழு வெள்ளைப் படுக்கையை விளம்பரப்படுத்திய பின், வெள்ளை என்றால் துவைத்தது என்று பயணிகள் நம்பத் தொடங்கினார்கள். வெள்ளைத் துணியை ஒரேயடியாக வெந்நீரில் வெளுக்கலாம், எந்த அறைக்கும் மாற்றிப் போடலாம், கறை பட்டால் உடனே தெரியும். தரைவிரிப்பை எடுத்துவிட்டால் கூட்டித் துடைப்பது சுலபம். உயர்த்திய கட்டிலின் கீழே பயணப் பெட்டியைத் தள்ளிவிடலாம். கப்பல் வடிவக் கட்டிலின் ஒரு துண்டு உடைந்தால் அதே அச்சில் இன்னொன்றைச் செய்விக்க வேண்டும். சாதாரணப் பலகை என்றால் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பூட்டிவிடலாம். (இந்தத் துறையில் திரைச்சீலை, விரிப்பு வகைகளை 'சொஃப்ட் கூட்ஸ்' என்று தனியே பிரித்து, தளபாடத்தைவிட அடிக்கடி மாற்றுவார்கள். நண்பர் ஒருவர் அதற்கு 'மென்பொருட்கள்' என்று பரிந்துரைத்திருக்கிறார். வேண்டாம், ஐயா, விடுதிக்காரர் கணனி திருத்துபவரைக் கூப்பிட்டுவிடுவார். 'துணிமணி' போதும்.)

இரண்டாவது, அறைக்குள் ஒரு படக்கதைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பது. 2021இல் பொலினீசியன் அறைகளுக்கு மொஆனா படத்தின் சாயல் வந்தது. அதே ஆண்டில் கன்டெம்பரரி அறைகளுக்கு இன்கிரெடிபிள்ஸ் படத்தின் வீரக் குடும்பம் வந்தது. பாரிஸ் டிஸ்னிலாண்டில், மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1992இல் திறக்கப்பட்ட நியூயோர்க் விடுதி, 2021 ஜூனில் மார்வெல் படக்கதை வீரர்களின் 350க்கும் மேற்பட்ட ஓவியங்களுடன் மீண்டும் திறந்தது. இவற்றையும் இழப்பு என்று சொல்வோர் பலர். இங்கேதான் தொல்காப்பியம் எனக்கு உண்மையில் உதவியது. 'எந்நில மருங்கிற் பூவும் புள்ளும் அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும் வந்த நிலத்தின் பயத்த ஆகும்' என்று ஒரு நூற்பா. வேறு நிலத்துப் பூவோ பறவையோ தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வந்தாலும், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ளப்படும். மொஆனா பசிபிக் கடலோடியின் கதை. அவள் அந்த அறைக்குள் வந்ததும் அந்த நிலத்தவள் ஆகிவிடுகிறாள். இன்கிரெடிபிள்ஸ் படத்தில் வரும் வீடும் தளபாடமும், 1960களில் இருந்தவர்கள் கனவு கண்ட எதிர்காலத்தின் சாயல் கொண்டவை, கன்டெம்பரரியின் கோபுரத்துக்குப் பொருந்துகின்றன. மார்வெல் வீரர்கள் பலர் நியூயோர்க்கில் திரிபவர்கள். ஆகையால் அரைகுறையாகவேனும் தேறுவார்கள். எனவே இவை திணை நீங்கியவை அல்ல, திணைக்குள் வேற்றுப் புள் புகுந்தவை. இதற்குப் 'பாத்திரமேற்றம்' என்று பெயரிடலாம். விரும்பத்தக்கதா என்பது வேறு கேள்வி. எனக்குத் தனிப்பட்ட முறையில் அவ்வளவு பிடிப்பில்லை. கன்டெம்பரரியின் நடுக்கூடத்தில் ஓவியர் மேரி பிளேயர் செய்த 90 அடி உயர ஓட்டோவியத்தில் ஐந்து கால் ஆடு ஒன்று இருக்கிறது. எந்தப் படத்திலும் நடிக்காத அந்த ஆட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதில் உள்ள மகிழ்ச்சி, அறிந்த முகத்தைச் சுவரில் பார்ப்பதில் வராது.

வெளுத்த அறைக்கோ எந்தப் பூவும் வரவில்லை, எந்தப் புள்ளும் வரவில்லை. எந்த நிலத்தோடும் அதைச் சேர்க்க முடியாது. அதற்குத்தான் உண்மையான இழப்புச் சொல் வேண்டும். திட்டமிட்டுச் செய்யும் செயலைத் 'திணைநீக்கம்' என்றும், பயணி உணரும் விளைவைத் 'திணையிழப்பு' என்றும் இரண்டாக வைத்துக்கொள்வோம். பொலினீசியன் முன்மண்டபத்திலிருந்த பெரிய அருவித் தோட்டத்தை 2014இல் அகற்றிச் சிறிய நீரமைப்பை வைத்தது திணைநீக்கம் என்றாகாது, ஏனெனில் அந்த இடம் இன்னமும் தீவாகவே இருக்க முயல்கிறது. ஆனால் பழைய அருவியின் ஓசையை நினைத்து வருபவருக்கு அது திணையிழப்பே. இரு சொற்களும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இறுதியாக, எதிர்பார்த்த ஆட்சேபம் வந்தே விட்டது.

> இலங்கையில் 'திணை' என்றால் திணைக்களம், அதாவது அரசாங்கத் துறைதான் நினைவுக்கு வரும். திணையிழப்பு என்றால் யாருக்கோ வேலை போய்விட்டது என்று நினைப்பார்கள்.

எழுதியவர் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அவருடைய அச்சம் நியாயமானது. 'திணைக்களைவு' என்று நான் முதலில் எழுதி வைத்திருந்ததை அவருக்குப் பயந்தே விட்டுவிட்டேன். ஆனால் க.பொ.த. சாதாரண தரம் வரை தமிழ் படித்த எவருக்கும் குறிஞ்சி முல்லையும் உயர்திணை அஃறிணையும் பழகியவை. விடுதிக் கையேட்டில் கட்டிலின் படத்துக்குக் கீழே அச்சொல்லைக் காண்பவர் பதிவாளர் கந்தோரை நினைக்க மாட்டார். ஐயா விரும்பினால், முதற்பக்கத்தில் மட்டும் 'தீமிங் எனப்படும் திணையாக்கம்' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு தனித்து விடலாம்.

கையேட்டில் பொப் சென்சுரி விடுதிக்கு இப்போது இருக்கும் வாக்கியம் இது: 'வெளிப்புறத் திணையாக்கம் முன்போலவே உள்ளது, அறைகள் 2017க்குப் பின் திணைநீக்கம் செய்யப்பட்டவை, பிள்ளைகள் அறைக்குள்ளும் அலங்காரத்தை எதிர்பார்த்தால், பாத்திரமேற்றம் செய்த அறைகளைக் கேட்டுப் பதிவுசெய்யவும்.' இதைக் காலி வீதிக்கு எடுத்துப்போய், அன்று கேள்வி கேட்ட அந்த அம்மாவிடமே வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். அச்சகத்தார் வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். திருத்தம் உள்ளவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து