மலையிறக்கத்தில் அமுங்கிய பிரேக் பெடல்: வீட்டிலேயே காற்றெடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். சென்ற வாரம் குடும்பத்துடன் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கால்வாசியைக் கடந்த நிலையில், பிரேக் பெடல் திடீரெனப் பஞ்சுபோல் அமுங்கியது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே வண்டி பிடித்தது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் காத்திருந்ததும் பெடல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. 14 ஆண்டுப் பழைய சிறிய கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. பிரேக் ஆயில் மாற்றி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பழைய ஆயிலை மாற்றி, பிரேக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றும் (காற்றெடுக்கும்) வேலையை வீட்டிலேயே செய்யலாமா? பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் அரைகுறையாகச் செய்ய மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
உங்கள் வண்டியில் ஆயில் கொதித்திருக்கிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தால் பெடல் கெட்டியாகவே இருந்திருக்கும், வண்டிதான் நின்றிருக்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் (DOT) 3 என்ற தரவகை ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தரவரையறை கேட்பதே 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. ஆயில் அமுங்காது, ஆவிக்குமிழி அமுங்கும். அதனால்தான் உங்கள் கால் கொடுத்த அழுத்தம் சக்கரத்தைச் சேரவில்லை. ஆறியதும் பெடல் திரும்பிவிட்டது என்பதற்காக அதே ஆயிலுடன் மீண்டும் மலையேறாதீர்கள்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். கையேட்டில் சொன்ன தரத்தில், முத்திரை உடையாத டப்பாவாக வாங்குங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை என்பதால் அது வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். சக்கரத்தின் உட்புறம் காற்றெடுப்பதற்காக உள்ள திருகான நிப்பிளில் தெளிவான டியூப்பை மாட்டி, மறுமுனை பாட்டிலிலுள்ள ஆயிலில் மூழ்கியிருக்கச் செய்யுங்கள். மகன் மெதுவாக மிதித்து அப்படியே பிடித்திருக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயில் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, செய்த வேலை அத்தனையும் வீணாகும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள டப்பாவில் ஆயில் அளவைப் பார்த்து, குறைந்தால் நிரப்புங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு, 30 ஆண்டுக்கு மேல் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் போய்வரும் தூரம் குறைவு. அதற்கப்பால் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும், அங்கே சென்றால் ரப்பர் சீல் கிழியும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். நிப்பிளுக்கு முதல்நாளே துருநீக்கி அடித்து, ரிங் ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், முறிந்தால் செலவு பெரிது. எல்லாவற்றுக்கும் முன்பாக, பின்சக்கரங்களின் உட்புறம் ஆயில் கசிந்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வலது பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தது. டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூக்களை டிரம்மின் மேல் அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் ஆயில் வழிந்தது, ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங்கும் நனைந்திருந்தது. இந்த ஆண்டில் இருமுறை அளவு குறைந்தபோது, பேடு தேய்வதால்தான் என்று எண்ணி நானே ஊற்றி நிரப்பியிருக்கிறேன். நிப்பிளைத் தொடாமல் வேலையை நிறுத்திவிட்டேன்.

மறுமொழி 2:
நிறுத்தியது சரி. வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள். இருபக்க வீல் சிலிண்டர்களையும் பிரேக் ஷூக்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போட இசையாதீர்கள். பிறகு நான்கு சக்கரங்களிலும் புதிய ஆயில் வரும்வரை காற்றெடுக்க வேண்டும். அதை நீங்களும் மகனுமே செய்யலாம். முடிந்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் இன்னும் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அப்படியே அழுத்தியிருக்கையில் இன்ஜினை இயக்கியதும் சற்றுத் தாழ்ந்தால் அஞ்ச வேண்டாம், அது மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்.