மேட்டூர் கிளை 🌊 (குரூப்): கெத்தை வழியா, குன்னூர் வழியா?

வித்யா: எல்லாருக்கும் சொல்லிடறேன். ஜூன் முதல் வாரம் மேட்டூர் வீட்டைக் காலி பண்றோம். அப்பா அம்மா கார்த்தியோட பெங்களூர் போறாங்க. அதுக்கு முன்னாடி வேலை பாத்த இடமெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வந்துரணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறார். நீலகிரி மலைல குந்தா, கெத்தை பவர் ஹவுஸ் கட்டாயம். மே மூணாவது வாரம். யார் யார் வர்றீங்க?

செல்வி சித்தி: 👍

பிரபு: நான் ரெடி

கௌரி அத்தை: அந்த வாரம் ஊட்டில மலர்க் கண்காட்சி வந்துரப் போகுது. கூட்டம் அள்ளும்

ராசு சித்தப்பா: வீட்டு விலை பேசி முடிஞ்சுதா?

வித்யா: அது வேற பேச்சு சித்தப்பா

ராசு சித்தப்பா: கேட்டேன், அவ்வளவுதான்

சுந்தரம் மாமா: கண்ணு, தேதிக்கு முன்னாடி இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவு, 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் வெச்சுட்டாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000. சனி ஞாயிறு 2000 கூட இருக்கேன்னு போயிராதீங்க, கூட்டம் அதுக்கும் மேல. திங்கள் ஏறி வியாழன் இறங்கிடறது உத்தமம்.
பாஸ் ஆளுக்கு இல்ல, வண்டிக்கு. ரெண்டு வண்டின்னா ரெண்டு பாஸ். போன் நம்பர் போட்டா ஓடிபி வரும். அப்புறம் வண்டி நம்பர், எத்தனை பேர், உள்ள வர்ற தேதி, வெளிய போற தேதி, தங்குற இடம். காசு கிடையாது. எவனாவது எடுத்துத் தர்றேன், பணம் குடுன்னா நம்பாதீங்க. கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, செக்போஸ்ட்ல சிக்னல் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம்.
முக்கியமா, வாடகை வண்டின்னா எந்த நம்பர் வண்டி அனுப்பறாங்கன்னு முதல்லயே உறுதி பண்ணு. கடைசி நேரத்துல வேற வண்டிய அனுப்பிட்டாங்கன்னா கையில இருக்கற பாஸ் அதுக்குச் செல்லாது.

செல்வி சித்தி: சரிங்

பிரபு: மாமா, இதுல பாதியப் படிக்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சுரும் 😄

கௌரி அத்தை: வீட்லயும் இப்படித்தான் சாமி

பெரியப்பா: 🎤 (0:52)

கார்த்தி: அப்பா டைப் பண்ணுங்க. ஆபீஸ்ல கேக்க முடியல

பெரியப்பா: கெத்தை வழி ஏறணும்

பெரியப்பா: மேட்டூர் பவானி பவானிசாகர் காரமடை வெள்ளியங்காடு முள்ளி கெத்தை மஞ்சூர் குந்தா

வித்யா: ஏன்ப்பா? எல்லாரும் குன்னூர் வழிதான போறாங்க

பெரியப்பா: தண்ணி வந்த வழி அது. அவலாஞ்சி எமரால்டு தண்ணி குந்தால 1வது பவர் ஹவுஸ். அங்க விட்ட தண்ணி கெத்தைல 2வது. பரளில 3. பில்லூர்ல 4. அதுக்குக் கீழ பவானிசாகர். கூடுதுறைல காவேரியோட சேருது. கீழ இருந்து மேல போனாத்தான் பேரப் பசங்களுக்குப் புரியும்

பிரபு: ஒரே தண்ணில நாலு தடவை கரண்டு. பெரியப்பா சம்பளம் மட்டும் ஒரு தடவை

பெரியப்பா: கனடாக்காரன் உதவில கட்டினது. கொழும்புத் திட்டம். சும்மா இல்ல

சுந்தரம் மாமா: மச்சான் சொல்றது நியாயம்தான், ஆனா அந்த ரோட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம். மேட்டுப்பாளையம் குன்னூர்ல 14 கொண்டை ஊசி வளைவு, அகலமான ரோடு, வழி நெடுக கடை. முள்ளி கெத்தை மஞ்சூர்ல 43 வளைவு. ரோடு சின்னது. எதிர்ல பஸ் வந்தா ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தே ஆகணும். காரமடை தாண்டினா பெட்ரோல் பங்கை நம்ப வேண்டாம். பாதி தூரத்துக்கு போன் எடுக்காது. யானை நடமாட்டம் ஜாஸ்தி, அதுவும் காலைல வெள்ளனவும் சாயங்காலமும். வனத்துறை செக்போஸ்ட்ல நேரம் தாண்டிப் போனா விட மாட்டாங்க. கேரளா எல்லை ஒட்டி வேற, செக்கிங் உண்டு. அதனால காரமடைல டாங்க் நிரப்பிட்டு 9 மணிக்கு வெள்ளியங்காடு தாண்டிரணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மஞ்சூர். வழில யானை நின்னா ஹாரன் அடிக்காதீங்க, இறங்காதீங்க, இன்ஜின ஆப் பண்ணாதீங்க. தூரமா நிறுத்திட்டு அது ஒதுங்கற வரைக்கும் காத்திருக்கறதுதான்.

செல்வி சித்தி: ஐயோ

செல்வி சித்தி: எங்கள விட்ருங்க

ராசு சித்தப்பா: அண்ணா, பவர் ஹவுஸ் உள்ள விடுவாங்களா?

பெரியப்பா: ரிட்டயர்டுன்னாலும் விட மாட்டாங்க. ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். ரோட்ல இருந்தே பென்ஸ்டாக் தெரியும், பவர் ஹவுஸுக்குத் தண்ணி இறங்கற பெரிய குழாய். குவார்ட்டர்ஸ் வெளிய இருந்து பாக்கலாம்

ராசு சித்தப்பா: அப்பர் பவானி?

பெரியப்பா: சொந்த வண்டி போகாது. அவலாஞ்சில வனத்துறை வண்டிதான்

கௌரி அத்தை: வித்யா, அந்த பித்தளை அண்டா பெங்களூருக்குக் கொண்டு போறீங்களா?

வித்யா: அத்தை 🙄

கௌரி அத்தை: பிளாட்ல எங்க வெப்பீங்கன்னு கேட்டேன்

ராசு சித்தப்பா: அண்டா ரெண்டு இருந்துது. ஒண்ணு எங்க போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது

கௌரி அத்தை: எனக்கு சீர்ல குடுத்தத கணக்குல சேக்காத ராசு

பிரபு: வண்டி கெத்தைல இருக்கு மக்களே. யானை பாக்குது

கார்த்தி: நான் என் எலக்ட்ரிக் கார்ல வர்றேன். 45 யூனிட் பேட்டரி. மலை ஏறுமா மாமா?

பெரியப்பா: மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2240. வண்டியும் ஆளும் சேத்து 2 டன். உயரத்துக்கு மட்டும் 10 யூனிட். சமதளத்துல ஆகறது தனி

பிரபு: ரிட்டயர்டு ஆகியும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு 🔥

சுந்தரம் மாமா: கணக்கு சரி. கார்த்தி, ஏறும்போது ஸ்கிரீன்ல காட்டற கிலோமீட்டர் மளமளன்னு இறங்கும், பதறாத. மேட்டுப்பாளையத்துல முழுசா சார்ஜ் போட்டுட்டு ஏறு. இறங்கறதுலதான் சூட்சுமம். மேல தங்கற இடத்துல ராத்திரி பூரா போட்டு 100 ஆக்கிட்டுக் கிளம்பாத. இறக்கத்துல மோட்டார் திருப்பிக் குடுக்கற கரண்டு பேட்டரில போய் உக்காரணும். நிறைஞ்சு இருந்தா இடமில்ல, ரீஜென் வேலை செய்யாது. இழுத்துப் பிடிக்கற வேலை பூரா பிரேக் தலைல விழும். 80, 85ல எடுத்துரு.

கார்த்தி: இது தெரியாது மாமா. தேங்க்ஸ்

கௌரி அத்தை: மாமாவுக்கு இன்னிக்கு ராச்சோறு இறங்கும்

வித்யா: மத்தவங்களுக்கு 12 சீட் வேன் பேசட்டுமா?

சுந்தரம் மாமா: பேசு, ஆனா மஞ்சள் போர்டா பாத்து எடு. வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு எடுத்தா, ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். டிரைவர் மலைல ஓட்டிப் பழகினவரான்னு கேளு. கிளம்பறதுக்கு முன்னாடி நான் வந்து வண்டியப் பாக்கறேன்:
டயர்ல காத்து, வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது பாக்கணும். டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற அட்டவணைல ரெண்டு அளவு போட்டிருக்கும், ஆள் நிறைய ஏறினா பெரிய அளவு.
ஸ்டெப்னிலயும் காத்து. இதை எல்லாரும் மறப்பாங்க.
பிரேக் ஆயில் மாத்தி 2 வருசத்துக்கு மேல ஆயிருந்தா மாத்தச் சொல்லு. அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். ஈரம் ஏறின ஆயில் சூட்டுல சீக்கிரம் கொதிச்சு உள்ள ஆவி கட்டிக்கும். அப்ப பெடல் மெத்துன்னு உள்ள போகும், வண்டி நிக்காது.
இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்கணும். ரெண்டாவதுல ஏறினா ரெண்டாவது. நியூட்ரல் பேச்சே கூடாது. பிரேக்க மிதிச்ச காலோட உக்காராம, மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டு வரணும். கருகின வாசனை வந்தா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடு. சக்கரத்துல தண்ணி ஊத்தக் கூடாது, டிஸ்க் கோணிக்கும்.
ஏறும்போது சூட்டு முள் மேல போச்சுன்னா ஏசிய நிறுத்து. ரேடியேட்டர் மூடிய சூட்டோட திறந்தா முகம் வெந்துரும்.
ஏற்றத்துல வர்ற வண்டிக்கு இறங்கறவன் வழி விடணும். அது சட்டம்.

பிரபு: மாமா மூச்சு விட்டுக்கங்க

பெரியப்பா: அதான் சொல்றேன். கெத்தைல ஏறணும். இறங்க வேண்டாம்

சுந்தரம் மாமா: மச்சான், அதுக்கு நான் மறுப்பு சொல்லல. 43 வளைவும் ஏற்றமா இருந்தா பிரேக்குக்கு வேலையே இல்ல. சீசன்ல போலீஸ் வெச்சிருக்கற முறைப்படி குன்னூர் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க. நாம மஞ்சூர், குந்தா, குன்னூர், கோத்தகிரி, குஞ்சப்பனைன்னு இறங்கினா அதுக்கும் ஒத்து வரும்.

வித்யா: அப்ப கெத்தை வழி முடிவா?

செல்வி சித்தி: யானை

கௌரி அத்தை: குன்னூர் வழின்னா சிம்ஸ் பார்க் பாத்துட்டுப் போலாம்ல

வித்யா: அம்மா சொல்றாங்க, அவங்களுக்கு 43 வளைவெல்லாம் முடியாதாம். வாந்தி வருமாம்

சுந்தரம் மாமா: அக்காவ முன் சீட்ல உக்கார வை. பார்வை ரோட்டு மேல இருக்கட்டும், போனப் பாக்க வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். அவோமின் (வாந்தி மாத்திரை) போடறதுன்னா ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, மலைல பாதி ஏறினப்புறம் போட்டா பிரயோசனமில்ல. தூக்கம் வரும். ஓட்டறவங்க போடக் கூடாது. அக்கா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, பசங்களும் சின்னவங்க, டாக்டர்கிட்டக் கேக்காம குடுக்காதீங்க.

கௌரி அத்தை: எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டா போதும்

சுந்தரம் மாமா: தண்ணி பாட்டில் இன்னொண்ணு. நீலகிரில பிளாஸ்டிக் தடை, 5 லிட்டருக்குக் குறைஞ்ச தண்ணி பாட்டில் கூடாது. செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திப் பிடுங்கி வெச்சுக்கிட்டு அபராதமும் போடுவாங்க. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். மேல தண்ணி ஏடிஎம் இருக்கு, பிடிச்சுக்கலாம். கட்டுச்சோத்துக்கும் கேரி பேக் வேண்டாம், தூக்குப்போசி.

ராசு சித்தப்பா: தூக்குப்போசி அண்ணன் வீட்ல 4 இருக்கும். அதையாவது பாகம் பிரிக்காம கொண்டு வாங்க

கௌரி அத்தை: ராசு!!

ராசு சித்தப்பா: _இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது_

பிரபு: நான் படிச்சுட்டேன் சித்தப்பா 😂

பெரியப்பா: கிளம்பற அன்னிக்கு காலைல 16 கண் மதகு பாத்துட்டுப் போலாம். தண்ணி இருக்காது. இருந்தாலும்

கார்த்தி: அணைல எவ்வளவு இருக்குப்பா இப்ப?

பெரியப்பா: 120 அடிக்கு எவ்வளவுன்னு தினம் பேப்பர்ல வருது. படி

வித்யா: சரி கணக்கு. அப்பா, அம்மா, நான், அவர், பாப்பா, கார்த்தி வீட்ல 4, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, பிரபு. 14. கார்த்தி கார்ல 5, வேன்ல 9. அப்ப 12 சீட் தாராளம்

கார்த்தி: என் கார்ல 4தான். பின்னாடி பூரா பசங்க சாமான்

கௌரி அத்தை: நாங்க ரெண்டு பேரும் கார்லயே வந்துக்கறோம்

ராசு சித்தப்பா: அப்ப நாங்க வேனா?

செல்வி சித்தி: நாங்க வர்றதே சந்தேகம். குன்னூர் வழின்னா யோசிக்கறோம்

பெரியப்பா: கெத்தை

சுந்தரம் மாமா: வேன் குன்னூர் வழி வரட்டும், கார் கெத்தை வழி போகட்டும், குந்தால சேந்துக்கலாம். ஆனா கார் போற வழில சார்ஜர் இல்லங்கறத கணக்குல வெச்சுக்கணும். அப்புறம் கெத்தைல வண்டி மாட்டினா தகவல் சொல்ல ஆள் வேணும், ரெண்டு வண்டியும் சேந்தே போறது...

வித்யா: மாமா ஒரு நிமிசம். டிராவல்ஸ்காரர் லைன்ல இருக்கார். கெத்தைன்னா டிரைவர் பேட்டா தனியாம்

பிரபு: சித்தப்பாவும் அத்தையும் ஒரே வேன்னா அதுக்கும் தனி பேட்டா கேப்பாரு

வித்யா: இ-பாஸ்ல வேனுக்கு எத்தனை பேர் போடட்டும்? 8ஆ 10ஆ?

செல்வி சித்தி: 9

ராசு சித்தப்பா: 🙏

பெரியப்பா: 🎤 (2:14)