கொதிதிரவம் பீய்ச்சும் கற்பனை விலங்கு: உடலியலில் ஒரு சிக்கல்

நான் எழுதிவரும் மிகுபுனைவு நாவலில், வறண்ட பாறை நிலத்தில் வாழும், சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள, உடும்பை ஒத்த ஒரு விலங்கு, எதிரியின் முகத்தில் கொதிக்கும் திரவத்தைப் பீய்ச்சுகிறது. அதன் உடலியல் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அடிப்படையாகப் பாம்பார்டியர் வண்டை எடுத்துக்கொண்டேன். ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு பையில் சேமித்து, நொதிகள் உள்ள இன்னோர் அறைக்குள் அது தள்ளும்போது, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலவை சீறி வெளியேறுகிறது. வண்டின் அறைக்கு, பூச்சிகளின் புற ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் கலந்த உறுதியான உட்சுவர் உண்டு. முதுகெலும்பிக்கு அது கிடையாது, மென்திசுவின் புரதங்களோ அந்தச் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல உறைந்துவிடும்.

மூலப்பொருளை உணவிலிருந்து பெறவைத்தேன். தான் தின்னும் தேரைகளின் நஞ்சைக் கழுத்துச் சுரப்பிகளில் சேமிக்கும் ராப்டோஃபிஸ் பாம்பு இருப்பதால் அதில் உறுத்தல் இல்லை. அறைக்குத் தடித்த சளிப்படலம் கொடுத்துப் பார்த்தேன். ஒரே பீய்ச்சலில் அது அழிந்துவிடும் என்றே தோன்றுகிறது. இரு திரவங்களையும் வாய்க்கு வெளியே காற்றில் கலக்கவிட்டால், இலக்கை அடையுமுன் சூடு சிதறிவிடும், காட்சியின் மிடுக்கும் போய்விடும். மந்திரம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. நகத்திலும் செதிலிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் உறையிட்ட அறை ஒன்றே கையில் மிஞ்சியிருக்கிறது.

ஊர்வனவற்றின் எந்தச் சுரப்பியிலிருந்து அல்லது உறுப்பிலிருந்து அத்தகைய அறை படிப்படியாகப் பரிணமித்ததாகக் காட்டினால் நம்பும்படி இருக்கும்?