புதுப்பிப்பு: நிக்கான் எஃப்எம்2 வியூஃபைண்டரில் ஷார்ப், படத்தில் அவுட்

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை தீர்ந்தது. என் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் வியூஃபைண்டரில் பார்த்துக் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால், படத்தில் மூக்கு நுனிதான் ஷார்ப்பாக வருகிறது என்று கேட்டிருந்தேன். லென்ஸில் கோளாறு என்றே பலர் நினைத்தீர்கள்.

கைகொடுத்தது டேப் யோசனை. ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, ஃபிலிமில் விழும் பிம்பத்தை நேரில் பார்க்க, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒளி ஊடுருவும் மங்கலான டேப்பை விறைப்பாக ஒட்டினேன். ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) கேபிள் ரிலீஸால் திறந்து பூட்டி, அப்பெர்ச்சரை 1.8-ல் வைத்து, மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன். லென்ஸ் இன்ஃபினிட்டியில் (வெகுதூரத்துக்கான குறி) இருக்கும்போது டேப்பில் பிம்பம் கச்சிதம். வியூஃபைண்டரிலோ 10 மீட்டர் குறிக்குத் திருப்பினால்தான், நடுவட்டத்து ஸ்பிளிட் பிரிசத்தில் (ஃபோகஸ் தவறினால் பிம்பத்தை இரண்டாக வெட்டிக் காட்டுவது) வெட்டுப்பட்ட கோபுரம் ஒட்டியது. ஆக லென்ஸ் நிரபராதி. (வெயிலில் டேப்பைப் பார்க்கத் தலைக்கு மேல் கறுப்புத் துணி கட்டாயம். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கூடும்.)

மெக்கானிக் திறந்து பார்த்தார்: ஃபோகசிங் ஸ்கிரீனின் (வியூஃபைண்டருக்கான பிம்பம் விழும் தகடு) ஒரு முனை சட்டத்தில் சரியாக உட்காராமல் சற்றே மேலே தூக்கியிருந்தது. அழுத்தி உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது. அடுத்த ரோலில் கண் ஷார்ப்.

எதிர்பாராதது ஒன்று: எஃப்/5.6 ஜூம் போட்டால் நடுவட்டத்தில் பாதி இன்னமும் கறுக்கிறது. அது பழுதல்ல, ஸ்பிளிட் பிரிசத்தின் இயல்பு. அந்த லென்ஸுக்கு வட்டத்துக்கு வெளியே உள்ள மேட் (சொரசொரப்பான) பரப்பில்தான் ஃபோகஸ் பார்க்கிறேன்.