அமெரிக்காவுல கேரி பெர்மிட் (வெளியில துப்பாக்கி வச்சுக்கற அனுமதி) கேக்கப் போனப்போ போலீஸ் என்ன சொன்னாங்க? உங்க அனுபவத்தை எழுதுங்க

ஜெர்சிக்கடைக்காரன்:
2019. கடை வசூலை ராத்திரி பேங்க்ல போடப் போனப்போ, பார்க்கிங்ல ஒருத்தன் துப்பாக்கியை நீட்டிப் பையைப் பிடுங்கிட்டுப் போயிட்டான். பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டேன். அப்போ நியூ ஜெர்சியில "ஜஸ்டிஃபையபிள் நீட்", அதாவது உங்களுக்குன்னு தனியா ஆபத்து இருக்குன்னு தக்க காரணம் காட்டணும், தெரியும்ல. டிடெக்டிவ் மரியாதையாத்தான் பேசினார். என் கடிதத்துல ஒரு வரியைப் பேனாவால தொட்டு, "அவன் உங்களைத் தேடி வந்தானா, பணத்தைத் தேடி வந்தானா?"ன்னார். பணத்தைத்தான்னேன். "அப்போ இது உங்க ஒருத்தருக்குன்னு இருக்கற ஆபத்து இல்லை." அங்கேயே முடிஞ்சுது. துப்பாக்கி முனையில நின்னது நான்தானே?

பே_ஏரியா_செல்வி:
உங்களுக்காவது ஒரு காரணம் சொன்னாங்க. எங்க கலிபோர்னியா சாண்டா கிளாரா கவுண்டி (மாவட்டம் மாதிரி) கதை ஊருக்கே தெரியும். வேண்டியவங்களுக்குப் பெர்மிட் கொடுத்த விவகாரத்துல கவுண்டி போலீஸ் தலைவரா இருந்த ஷெரிஃப் லாரி ஸ்மித் முறைகேடு பண்ணினது உண்மைன்னு 2022 நவம்பர்ல ஜூரி சொல்லுச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் அவங்க பதவியை விட்டிருந்தாங்க. எனக்கு நடந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி, வேற கவுண்டியில. முன்னாள் கணவர் மிரட்டிக்கிட்டே இருந்தார், கோர்ட் தடை உத்தரவு கையில இருந்துச்சு. கவுன்ட்டர்ல இருந்தவர் அந்தத் தாளைப் படிச்சுட்டு என்கிட்டயே திருப்பி நீட்டினார். "இதான் இருக்கே, அப்புறம் துப்பாக்கி எதுக்கு?" அந்தத் தாள் ராத்திரி கதவைத் தட்டறவனைத் தடுக்குமாங்க?

ரேஞ்ச்_மாமா:
@ஜெர்சிக்கடைக்காரன், திரும்பப் போடுங்க. 2022 ஜூன் 23 சுப்ரீம் கோர்ட்டோட ப்ரூயன் தீர்ப்புக்கு அப்புறம் "உனக்கு எதுக்கு"ன்னு கேக்க முடியாது. எனக்குக் கிடைச்சுது, பெருசா ஒண்ணும் கேக்கல. ஆனா கவனம். கட்டணம் 200 டாலர். சொந்தக்காரங்க அல்லாத நாலு பேர் உங்களைப் பத்திச் சொல்லணும். சும்மா பேர் தெரிஞ்சவங்களைப் போடாதீங்க, போலீஸ் கூப்பிட்டா போனை எடுத்து நிதானமாப் பேசறவங்களாப் பாருங்க. சுடற தேர்வை முன்னாடியே முடிச்சு வைங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரி, மது விக்கற ரெஸ்டாரண்ட் பக்கம் கொண்டுபோகாதீங்க. போலீஸ் வண்டியை நிறுத்தினா முதல்ல துப்பாக்கி இருக்குன்னு சொல்லிடுங்க. பாலம் தாண்டி நியூயார்க் போனா நம்ம பெர்மிட் செல்லாது.

எட்டாவது_தெரு:
மாமா சொல்ற மாதிரி நாலு பேர்ல ஒருத்தனா நான் இருந்திருக்கேன். நண்பர் என் பேரைக் கொடுத்திருந்தார். ஆபீசர் போன் பண்ணி வழக்கமான கேள்வியெல்லாம் முடிச்சுட்டு, "இவர் இடுப்புல துப்பாக்கியோட உங்க வீட்டு விருந்துக்கு வந்தா உங்களுக்குச் சரியா இருக்குமா?"ன்னார். குடிச்சா அவர் எப்படி மாறுவார்னு எனக்குத் தெரியும். வாயே வரலை. "சரி, நன்றி"ன்னு வச்சுட்டார். நண்பருக்கு மறுப்பு வந்துச்சு. என்னாலன்னு அவருக்குத் தெரியாது. செல்வி, உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கல. ஆனா காரணம் கேக்கறது வேற, ஆளைப் பத்தி விசாரிக்கறது வேற. இந்த விசாரிப்பு போகக் கூடாது.

பே_ஏரியா_செல்வி:
உங்களைக் கேட்ட ஆபீசர் நல்லவர். எனக்கு வாய்ச்சவர்?

ரேஞ்ச்_மாமா:
மறுத்தா எழுத்துல காரணம் கொடுத்தாகணும். 30 நாளுக்குள்ள சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம்னு உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க.

எட்டாவது_தெரு:
நான் சொல்ல மாட்டேன் மாமா.