‘நட்பு’, ‘முயற்சி’, ‘பயம்’ எல்லாம் தப்பாக ஒலிக்கின்றன: எழுத்திலிருந்து ஒலிக்கு முழுமையான விதி உண்டா?

கேள்வி

வணக்கம். தட்டச்சு செய்த தமிழ் உரையை வாசித்துக்காட்டும் சிறு நிரல் ஒன்றை, பார்வையற்ற நண்பர் ஒருவருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். குரலில் குறையில்லை. எழுத்தைப் பார்த்து எந்த ஒலி என்று முடிவு செய்கிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது வைத்திருக்கும் விதி இதுதான்: க, ச, ட, த, ப சொல்லின் முதலில் வந்தாலோ இரட்டித்து வந்தாலோ அழுத்தமான ஒலி, மற்ற இடங்களில் மெலிந்த ஒலி. பாக்கு, பங்கு, பகல் மூன்றும் இதில் சரியாக வருகின்றன. ஆனால் ‘நட்பு’ என்று கொடுத்தால் ‘நண்பன்’ என்பதில் வரும் ப கேட்கிறது. ‘முயற்சி’யில் ‘பசி’யின் சி வருகிறது. ‘பயம்’, ‘குணம்’ இரண்டும் ‘பழம்’, ‘குடம்’ மாதிரி தொடங்குகின்றன, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. இதற்கு முழுமையான விதி இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு சொல்லாகப் பட்டியல் போட வேண்டியதுதானா?

பதில் 1

பாதிக்கு விதி இருக்கிறது, அதுவும் நன்றாகவே இருக்கிறது. உங்கள் விதியில் ‘இரட்டித்தால்’ என்பதை மட்டும் விரித்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பது அதே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை, புள்ளி வைத்த வல்லினம் எதுவாக இருந்தாலும் போதும். ட், ற் இரண்டும் வல்லினம்தானே, அதனால்தான் நட்பு, கற்பு, வெட்கம், கட்சி, பயிற்சி எல்லாவற்றிலும் அடுத்த எழுத்து மெலியாமல் நிற்கிறது. ‘முயற்சி’யின் சி ‘பச்சி’லையில் வரும் ச்சியின் ஒலி, ‘பசி’யின் சி அல்ல.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு பாக்கு, பங்கு என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் க்கு வரும் நொடியில் அதிர்வு நின்றுவிடும், இரண்டாவதில் நிற்காமல் ஓடும். முதலாவதை ஒலிப்பிலா ஒலி என்றும் இரண்டாவதை ஒலிப்புடை ஒலி என்றும் மொழியியலில் சொல்வார்கள். இரண்டுக்கும் தனித்தனி எழுத்து தமிழில் இல்லை, எழுத்து நிற்கிற இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. மெல்லினத்துக்குப் பின்னால் ஒலிப்புடை ஒலி (அன்பு, பந்தம், மஞ்சள்), இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னும் தளர்ந்த ஒலி. ‘பகல்’ என்பதில் க கிட்டத்தட்ட ஹ பக்கம் சாய்வது அதனால்தான்.

இடையினத்துக்குப் பின்னாலும் இதேதான். வாழ்க, வாழ்க்கை இரண்டையும் ஒப்பிடுங்கள். ‘வாழ்க்கை’யில் அந்த க் இல்லாவிட்டால் அழுத்தம் போய்விடும். பார்க்க, வார்த்தை, தேர்ச்சி எல்லாம் அப்படித்தான். ஒற்று மிகுவதைப் பிழைதிருத்துகிறவர்களின் தொல்லையாக நினைக்கிறோம், ஆனால் அது உச்சரிப்புக் குறிப்பும்கூட.

ற மட்டும் தனி: ஒற்றையாக வந்தால் ஒன்று (மறம்), ற்ற வேறு (குற்றம்), ன்ற வேறு (கன்று). மூன்று விதியாக எழுதிவிடுங்கள்.

பதில் 2

பயம், குணம் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே விதி கிடையாது, பட்டியல்தான். அவை வடமொழியிலிருந்து வந்த சொற்கள், தலையில் ஒலிப்புடை ஒலியோடு வந்தவை, தமிழ் எழுத்தில் அது தெரிய வழியில்லை. பலம், பூமி, தேவி, தர்மம், குரு, காந்தி இப்படிப் போகும்.

ஒரு நல்ல செய்தி: இந்தச் சொற்களில் பெரும்பாலும் தலை மட்டும்தான் அடங்காது, நடு எழுத்து தமிழ் விதிக்கே வந்துவிடும். ‘தீபம்’, ‘கோபம்’ இரண்டுக்கும் மூலத்தில் நடுவில் வருவது ஒலிப்பிலா ப, நாம் சொல்வது ஒலிப்புடை ப. அதனால் முழு உச்சரிப்பையும் எழுதி வைக்க வேண்டாம், ‘முதலெழுத்து ஒலிப்புடையது’ என்று ஒரு குறி போட்டு, மிச்சத்தை விதியிடம் விட்டுவிடலாம். பட்டியலில் வேர்ச்சொல் இருந்தால் போதும். பயத்தால், பயந்தான், பயமாக எல்லாம் முன்பகுதியை வைத்தே பிடிபடும். ‘பயன்’, ‘பயணம்’, ‘பயிர்’ இவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ப அழுத்தமானதுதான்.

ஆங்கிலச் சொற்களிலும் தலைதான் தொந்தரவு. டிக்கெட்டும் டாக்டரும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒலி வேறு. நடுவில் அழுத்தம் வேண்டும் என்றால் பேப்பர், டோக்கன் என்று மக்களே இரட்டித்து எழுதிவிடுகிறார்கள்.

பதில் 3

இதற்கெல்லாம் ஒரே தீர்வு, வடமொழியில் இருப்பது போல நான்கு க-வையும் பிரித்து எழுதுவதுதான். சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு அச்சடிக்கிறார்களே, அதையே எல்லா இடத்திலும் கொண்டுவந்தால் நிரலுக்கும் சுலபம்.

பதில் 1

நிரலுக்கு உள்ளே அப்படி ஒரு குறி வைத்துக்கொள்ளட்டும், தாராளமாக. அல்லது 1888-இல் முதன்முதலாக வெளியான சர்வதேச ஒலிக்குறிகளையே பயன்படுத்தலாம், அவை இதற்கென்றே உருவானவை. ஆனால் படிக்கிறவர் கண்ணில் படும் எழுத்தை மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ‘பங்கு’ என்று எழுதினால் தமிழ் தெரிந்த யாரும் தப்பாகப் படிப்பதில்லை. இடமே சொல்லிவிடுகிற ஒன்றுக்கு எதற்கு இன்னொரு எண்? சுலோகத்தில் அது தேவை, ஏனென்றால் அங்கே எழுதுகிற ஒலி தமிழின் ஒலி அல்ல.

கேட்டவர்

மிக்க நன்றி. வல்லின விதியை மாற்றியதும் நட்பு, முயற்சி, வெட்கம் எல்லாம் சரியாகிவிட்டன. ஆனால் இப்போது ‘பாக்கு’ கெட்டுவிட்டது, முதல் க் மெலிந்தும் இரண்டாவது அழுத்தமாகவும் வருகிறது. அப்புறம் ‘கௌரவம்’ ஒரு கோப்பில் சரியாகவும் இன்னொன்றில் ‘கெ-ள-ரவம்’ என்றும் கேட்கிறது.

பதில் 2

கணினிக்கு க் என்பது ஓர் எழுத்து அல்ல, க-வும் புள்ளியும் தனித்தனியாக இரண்டு குறியீடுகள். ‘பாக்கு’ என்பதை அது ப, கால், க, புள்ளி, க, உகரக் குறி என்றுதான் பார்க்கும். முதல் க-வுக்கு முன்னால் ஆகாரம் நிற்பதால் ‘நடுவில் இருக்கிறது, மெலியட்டும்’ என்று முடிவு செய்துவிடுகிறது. எழுத்தெழுத்தாகப் பிரித்த பிறகே விதியை ஓட்டுங்கள், பின்னால் என்ன வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கௌரவம் தட்டச்சுப் பிழை. ஔகாரக் குறிக்குப் பதில் பலர் ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு ‘கெள’ என்று அடித்துவிடுகிறார்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கெளரவம், மெளனம், பெளர்ணமி போன்றவற்றுக்கு மாற்றுப் பட்டியல் வைத்துவிடுங்கள்.

பதில் 4

யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன்: சொல் இறுதி உகரம். நாடு, பாட்டு, மார்பு ஆகியவற்றின் கடைசி உகரத்தை உதட்டைக் குவித்துச் சொல்வதில்லை, அதுதான் குற்றியலுகரம். பசு, நடு, பொது என்று தனிக் குறிலை அடுத்து வந்தால் முழு உகரம், உதடு குவியும். கணினிக் குரல் செயற்கையாகக் கேட்பதற்கு இது பெரிய காரணம், எல்லாச் சொல்லையும் ‘பசு’ மாதிரியே முடிக்கும். பழைய இலக்கண விதிதான், நிரலில் இரண்டு வரி.

கேட்டவர்

உகரத்தைச் சேர்த்ததும் குரலே மாறிவிட்டது, நண்பரும் உடனே கவனித்துவிட்டார். மிச்சம் இருப்பது ‘கேஸ்’. வழக்குக்கும் எரிவாயுவுக்கும் ஒரே எழுத்து.

பதில் 2

பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். சிலிண்டர், அடுப்பு, கசிவு இருந்தால் ஒலிப்புடை, கோர்ட்டு, வக்கீல், தீர்ப்பு இருந்தால் ஒலிப்பிலா. ‘பாவம்’ கூட அப்படித்தான், நாட்டியம், முகம், அபிநயம் பக்கத்தில் வந்தால் மட்டும் தலையை மாற்றுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ‘கேஸ்’ என்பதை வழக்கு என்றே படிக்கவிடுங்கள், நண்பர் எந்த மாதிரி உரைகளை அதிகம் கேட்கிறார் என்று பார்த்து அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.